திசுவோ, இழையமோ?

மனித உடம்பின் அமைப்பைப் பற்றி நம் கலாசாலை மாணவரிடத்து வினவினால், வினா முடியுமுன்னரே விடை வந்துவிடுகிறது. "திசுக்கள் நான்கு வகைப்படும், அவையாவன, எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு" என்று ஒரே மூச்சில் ஒப்புவித்து விடுகின்றனர். அதிற் பிழையொன்றுமில்லை; தேர்வுத் தாளில் அதற்குரிய மதிப்பெண்ணும் குறைவின்றிக் கிடைத்துவிடும். ஆயினும், அண்மையில் ஆய்வுக்கூடத்தே நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று இக்கட்டுரையை எழுதுமாறு எம்மைத் தூண்டிற்று. வகுப்பிலே முதன்மையாகத் தேறி வருபவரான மாணவர் ஒருவர், மூச்சுக்குழலைக் குறுக்கே அரிந்து சாயமூட்டிய கண்ணாடித் துண்டமொன்றை நுண்ணோக்கியின்கீழ் வைத்து நெடுநேரம் பார்த்தார்; நிமிர்ந்தார்; மறுபடியும் குனிந்து பார்த்தார். முடிவில், "ஐயா, இஃது அந்த நான்கனுள் எது?" என்று கேட்டார்.

உடனிருந்தோர் நகைத்தனர். நமக்கு நகை தோன்றவில்லை. அவர் கண்முன் அந்த நான்குமே இருந்தன. குழலின் உட்புறத்தே, நெற்பயிர் காற்றில் அசைவதுபோல் அசையவல்ல நுண்ணிய மயிரிழைகளைத் தாங்கிய உயிரணுக்கள் வரிசையாய் நின்றன. அவற்றின் கீழே நார்ப் பின்னல். அதற்கும் அப்பால், குழல் சப்பளிந்து போகாவண்ணம் காக்கும் குருத்தெலும்பு, குதிரை லாடத்தின் வடிவில். லாடத்தின் இரு முனைகளையும் இணைத்துப் பின்புறத்தே தசை. இவை எல்லாவற்றினூடேயும் நரம்பின் கிளைகள். நான்கு பெட்டிகளை மனத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு வந்தவருக்கு உடம்பு ஒரு நெய்த துணியைக் காட்டிற்று. எந்தப் பெட்டியிற் போடுவதென்று அவர் திகைத்ததில் வியப்பென்ன?

இத்திகைப்புக்குப் பாடத்திட்டமும் காரணம், ஆசிரியராகிய யாமும் காரணம். ஆயினும் பாதிப் பழியை அந்தச் சொல்லின்மேற் சுமத்துவது தகுமென்று கருதுகிறோம். 'திசு' என்பது தமிழ்ச் செவிக்கு எப்பொருளையும் உணர்த்தாத ஓர் ஒலி. வேரும் இல்லை, கிளையும் இல்லை. இக்காலத்தில் கைதுடைக்கும் மெல்லிய காகிதத்திற்கும் அதுவே பெயராகிவிட்டமையால், பொருள் தெளிவதற்கு மாறாக மேலும் மயக்கமே உண்டாகிறது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழிற் பயிலும் மாணவர் இதனை 'இழையம்' என்று வழங்குகின்றனர். மேலணி இழையம், தொடுப்பிழையம், தசையிழையம், நரம்பிழையம் என்பன அவர்தம் பாடநூற் சொற்கள். இவற்றை நாமும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும் என்பதே யாம் ஈண்டு நிறுவப் புகுவது. சொல்லழகைக் கருதி மட்டும் இதனைக் கூறுகிறோமல்லேம். இழையம் என்னும் சொல் பொருளை உணர்ந்து ஆக்கப்பட்டது; பொருளை உணர்த்தியும் வருகிறது. அஃது எங்ஙனம் என்பதைச் சிறிது விரிப்பாம்.

பிரெஞ்சு மொழியில் 'திஸ்ஸூ' என்பது நெய்யப்பட்டது எனப் பொருள்படும். ஆங்கிலர் அதனையே கடன் வாங்கினர். நாம் ஆங்கிலரிடமிருந்து அதன் ஒலியை மட்டும் கடன் வாங்கிப் பொருளை அவர் கரையிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஜெர்மானியர் அவ்வாறு செய்தாரல்லர். நெசவைக் குறிக்கும் தம் சொந்தச் சொல்லையே உடற்கூற்றிலும் ஆள்கின்றனர். 1819-ஆம் ஆண்டில் மேயர் என்னும் ஜெர்மன் பேராசிரியர் இத்துறைக்கு 'ஹிஸ்டாலஜி' எனப் பெயரிட்டபோது, தறியையும் தறியில் நெய்த துணியையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே முதனிலையாகக் கொண்டார். இன்னும் ஒன்று: 139-ஆம் சங்கீதத்தில், தாயின் கருவில் மானிட உடம்பு உருவாவதைப் பாடுமிடத்து, எபிரெய மூலத்திலே சித்திரத் தையலைக் குறிக்கும் வினைச்சொல் வருகின்றதென்று அம்மொழி வல்லோர் கூறுவர். இங்ஙனம் பல மொழியினரும் உடம்பை நோக்கியபோது அவர்க்குத் துணியே நினைவுக்கு வந்திருக்க, நெசவுக்குப் பேர்போன தமிழ் நாட்டார் மட்டும் பொருளற்ற ஈரெழுத்தை வைத்துக்கொண்டு அமைவானேன்?

இச்சொல்லை உடற்கூற்றில் நிலைநாட்டிய பெருமை பிஷா என்னும் பிரெஞ்சு வைத்தியருக்கு உரியது. 1771-இல் பிறந்த அவர் 1802-இல் தமது முப்பதாம் வயதிலே மறைந்தார். அக்குறுகிய வாழ்நாளுக்குள், பாரிஸ் மாநகரின் பழைய தர்ம ஆஸ்பத்திரியில் இறந்தோர் உடல்களை இரவு பகலாக அறுத்து ஆராய்ந்து, 1800-இல் சவ்வுகளைப் பற்றியும் 1801-இல் பொது உடற்கூற்றைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். அவர் நுண்ணோக்கியைப் பயன்படுத்தினாரில்லை என்பது நம் மாணவர்க்கு வியப்பூட்டும். அக்காலத்து ஆடிகள் உள்ளதை இல்லதாகவும் இல்லதை உள்ளதாகவும் காட்டும் இயல்பின. ஆதலின் அவற்றை அவர் நம்பினாரில்லை. உடற்பகுதிகளை உலர்த்தினார், கொதிக்க வைத்தார், நீரில் ஊறவிட்டார், அழுகவிட்டார், அமிலங்களில் இட்டார். ஒரே தன்மையான பகுதி உடம்பின் எவ்விடத்திருந்து எடுக்கப்பட்டாலும் ஒரே வகையாய் மாறுவதைக் கண்டு, இருபத்தொரு வகைகளை வகுத்தார். அவ்விருபத்தொன்று பிற்காலத்தே, உயிரணுவின் உண்மை தெளிந்தபின், நான்காகக் குறுகிற்று.

எண்ணிக்கை பெரிதன்று. பிஷாவின் கருத்திலே பெரிதாவது யாதெனின், நோய் உறுப்பைப் பற்றுவதாக அதுகாறும் எண்ணியிருந்தது தவறு, அஃது இழையத்தைப் பற்றுவது என்பதே. இருதயத்திற்கு நோய் என்று பொதுவாய்ச் சொல்லிவிடலாகாது. இருதயத்தை மூடிய உறை வீங்கும்போது உள்ளிருக்கும் தசை நலமாயிருத்தல் கூடும். மறுதலையாக, நுரையீரலை மூடிய சவ்வும் குடலை மூடிய சவ்வும் இடத்தால் வேறெனினும் இழையத்தால் ஒத்தவையாதலின், நோயுறும் முறையாலும் ஒத்திருக்கும். உறுப்புகளின் பெயரால் உடம்பைப் பிரித்துப் பார்த்தவர்க்கு இவ்வுறவு புலப்படாது. கிழிந்த ஆடையைத் தைக்க எடுப்பவள், கிழிந்தது சட்டைக்கையா கழுத்தா என்பதோடு நில்லாமல், போனது எந்த இழை என்றும் பார்க்கிறாள் அன்றோ? அதுவே பிஷா வைத்தியர்க்குக் கற்பித்த பார்வை.

நிற்க, தடைகளை நோக்குவாம்.

"நாடு முழுதும் பாடநூல்களிற் பதிந்துவிட்ட சொல்லை இனி மாற்றுவது வீண் தொல்லை" என்பர் சிலர். இது வலுவான தடையே. ஆயினும், சொல் பழகிவிட்டது என்பது பொருள் விளங்கிவிட்டது என்பதற்குச் சான்றாகாது. அன்றியும், ஒருவரும் ஆளாத புதுச்சொல்லை நாம் புனையவில்லை. தமிழ் மக்களில் ஒரு பெரும் பகுதியினர் பள்ளியில் நாள்தோறும் ஆளும் சொல்லையே வேண்டுகிறோம். யாழ்ப்பாணத்தார் இத்துறையில் நமக்கு மூத்தோர் என்பதையும் மறத்தலாகாது. அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாமுவேல் பிஸ்க் கிரீன் என்னும் வைத்தியர் 1847-இல் அங்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் புரிந்தார், தமிழ் கற்றார், இரண்டாம் முறை வந்து 1862 முதல் 1873 வரை தங்கியிருந்த காலத்தில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்தார். அவர் முயற்சியால் 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்கள் தமிழில் வெளிவந்தன. தமிழிற் படித்த அவர் மாணவர் ஊரூராய்ச் சென்று வைத்தியம் செய்தனர். மிஷன் கலாசாலையாகிய நமக்கு அம்மரபில் உரிமையும் உண்டு, கடனும் உண்டு.

வேறு சிலர், "நம் சித்தர்கள் வகுத்த எழுவகை உடற்றாதுக்கள் இருக்க, இழையம் எதற்கு? தாது என்றே சொல்லலாமே" என்பர். பழமையிடத்து இவர்க்குள்ள அன்பைப் போற்றுகிறோம், முடிவை ஒப்பமாட்டோம். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு முதலாக அடுக்கப்படும் தாதுக்கள், உண்ட உணவு ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் படிப்படியே மாறி வருவதை விளக்கும் முறை. இழையங்களோ உயிரணுக்களின் பிறப்பாலும் அமைப்பாலும் தொழிலாலும் வகுக்கப்படுவன. செந்நீரும் கொழுப்பும் என்பும் தாது முறையில் மூன்று. இழைய முறையில் ஒரே தொடுப்பிழையத்தின் மூன்று வடிவம். இரண்டு அளவுகோல்களை ஒன்றென்று கூறுவது இரண்டற்கும் தீங்காம்.

"குருதி ஒழுகும் பொருளாயிற்றே, அதில் இழை ஏது?" என்பது மூன்றாம் தடை. இதனை எழுப்பிய நண்பர் வேதியியற் பகுதியினர். எம்மை மடக்கிவிட்டதாக மகிழ்ந்தார். ஆனால் விரலிற் சிறிது கீறல் பட்டவுடன் நிகழ்வதைப் பார்க்கட்டும். குருதியிற் கரைந்திருந்த ஒரு புரதம் நொடிப்பொழுதில் நுண்ணிய நூல்களாய்த் திரிந்து, வலைபோற் பின்னிக்கொண்டு, சிவப்பணுக்களைச் சிறைப்படுத்திக் காயத்தை அடைத்து விடுகிறது. இழைகள் இல்லாமலில்லை, வேண்டும்போது நூற்கப்படுகின்றன.

நான்காம் தடையை ஒருவரும் கூறவில்லை. யாமே கூறுகிறோம், அதுவே எமக்குச் சிறிது அச்சந்தருவதாகலின். உவமை சில வேளைகளில் அறிவை மயக்கிவிடும். இத்தாலியராகிய கோல்ஜி 1873-இல் வெள்ளியுப்பினால் நரம்பணுக்களைக் கருநிறமாக்கிக் காட்டும் முறையைக் கண்டுபிடித்தார். அதனாற் கண்ட காட்சியில் மயங்கி, நரம்பு மண்டலம் முழுதும் இடையறாத ஒரே வலை என்று கொண்டார். ஸ்பானியராகிய கஹால் அதே முறையைச் செப்பஞ்செய்து நோக்கி, ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி உயிர் என்றும், ஒன்றையொன்று நெருங்குமேயன்றி ஒன்றாய்க் கலவாது என்றும் நிறுவினார். 1906-இல் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கோல்ஜியோ பரிசு பெற்ற மேடையிலேயே கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். பிற்காலத்தில் மின்னணு நுண்ணோக்கி அந்த நுண்ணிய இடைவெளியைக் கண்ணாற் காட்டிவிட்டது. ஆகவே, இழையம் என்று சொல்லும்போது, இழைகள் தனித்தனியே உயிருள்ளவை என்பதை ஆசிரியர் மறவாது கூறுதல் வேண்டும். உயிருள்ள நூலால் நெய்த துணி வேறெங்கும் இல்லாமையால், உவமை ஓரிடத்தில் நின்றுவிடுவது இயற்கையே.

இனி, அந்நான்கனுள் ஒவ்வொன்றும் ஆற்றும் தொழிலைச் சிறிது நோக்குவாம். மேலணி இழையம் உடம்பின் எல்லைக் காவல். புறத்தே தோலாகவும், அகத்தே குடல், மூச்சுக்குழல், சிறுநீர்ப்பை முதலியவற்றின் உள்ளுறையாகவும் அமைந்து, வருவதைத் தடுத்தும், வேண்டியதை உறிஞ்சியும், சுரப்பதைச் சுரந்தும் நிற்பது. இதற்குக் குருதிக் குழாய் இல்லை. கீழுள்ள தொடுப்பிழையத்திடமிருந்தே உணவு பெறுகிறது. காவல் வேலை தேய்மானம் மிக்கது. ஆகவே சிறுகுடலின் உள்ளுறை மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் முழுதும் புதிதாகிவிடுகிறது. இடையறாது பெருகும் இவ்வியல்பும், வெளிப்பொருள்களின் தாக்குதலும் இதனிடத்துக் கூடியிருத்தலால், வளர்ந்தோர்க்கு வரும் புற்றுநோய்களிற் பெரும்பாலன இவ்விழையத்திலேயே பிறக்கின்றன. புகை பிடிப்போரது மூச்சுக்குழலில், மயிரிழை தாங்கிய மென்மையான உயிரணுக்கள் மறைந்து, தோலைப் போன்ற தட்டையான அடுக்குகள் தோன்றிவிடும். துடைப்பம் போய்விட்டமையாற் சளியை வெளியேற்ற இருமல் ஒன்றே வழியாகிறது. விடுதியின் பின்புறத்து மதிலருகே மாலை வேளைகளிற் கூடும் நண்பர்கள் இவ்வரியை இருமுறை படிப்பார்களாக.

தொடுப்பிழையத்தை மாணவரும் மதிப்பதில்லை. நூல்களும் இடைவெளியை நிரப்பும் வைக்கோல் போலவே அதனைப் பேசி விடுகின்றன. இது பெரும் அநீதி. என்பு, குருத்தெலும்பு, தசைநாண், கொழுப்பு, குருதி ஆகிய அனைத்தும் இக்குடும்பத்தின. இதன் தலையாய நாராகிய கொலாஜென், நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. அந்நார் ஒருமுறை நெய்து முடித்துவிட்ட பொருளன்று என்பதற்கு ஒரு வரலாறு கூறுவாம். 1740-இல் ஆன்சன் என்னும் ஆங்கிலக் கப்பற்றலைவர் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். நெடுநாட் கடலிற் காய்கனியின்றி உழன்ற மாலுமிகளை ஸ்கர்வி என்னும் நோய் கொள்ளை கொண்டது. அவர்களுள் ஒருவன் 1690-இல் அயர்லாந்தில் பாயின் ஆற்றங்கரைப் போரிலே புண்பட்டவன். ஆறி ஐம்பதாண்டு கடந்த அப்புண்கள், என்றுமே ஆறாதிருந்தனபோல மறுபடியும் வாய் திறந்தன. முறிந்து பொருந்தியிருந்த என்பும் பொருத்து விட்டுப் பிரிந்தது. இச்செய்தி 1748-இல் வெளியான அப்பயண நூலிற் காணப்படுகிறது.

காரணம் பின்னரே விளங்கிற்று. கொலாஜென் நார் நாள்தோறும் கரைந்து நாள்தோறும் புதிதாய் நெய்யப்படுவது. மூன்று புரிகளை முறுக்கிய கயிறு போன்ற அந்நாரின் முறுக்கு நிற்பதற்கு உயிர்ச்சத்து 'சி' இன்றியமையாதது. அது கிடைக்காதபோது பழைய நார் கரையும்; புதிய நார் உறுதி பெறாது. தழும்பு என்பது முடிந்துபோன கதையென்று நாம் எண்ணுகிறோம். உடம்போ ஐம்பது ஆண்டாகியும் அதனை ஓயாது தைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. 1747-இல் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர், நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருள் கொடுத்து, நாரத்தை இனக் கனிகளை உண்ட இருவரே விரைவில் தேறக் கண்டார். நம் ஊர் நெல்லிக்கனியில் அச்சத்து மிகுதியும் உண்டு என்பதை யாவரும் அறிவர். வைக்கோல் என்று இகழப்பட்ட இழையம் கைவிட்டால், மேலணியும் தசையும் நரம்பும் நிற்க இடமில்லை என்பதை அம்மாலுமியின் உடம்பு காட்டிற்று.

தசையைப் பற்றி மிக விரிக்க வேண்டுவதில்லை. அதன் தொழில் கண்கூடு. எலும்பைப் பற்றிய தசை நம் ஏவலுக்கு அடங்கும். குடலையும் குழாய்களையும் சூழ்ந்த வரியில்லாத் தசை நம்மைக் கேளாமலே இயங்கும். இருதயத் தசை உருவத்தில் முன்னதையும் ஒழுக்கத்தில் பின்னதையும் ஒக்கும். அணுகுண்டுச் சோதனைகளாற் காற்றிற் பெருகிய கதிரியக்கக் கரியின் அளவைக் கொண்டு இருதயத் தசையணுக்களின் வயதைக் கணிக்கும் முறையை ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 2009-இல் வெளியிட்டனர். இருபத்தைந்தாம் வயதில் ஆண்டுக்கு நூற்றிலொன்றும், எழுபத்தைந்தாம் வயதில் அதனினும் பாதிக்குக் குறைவுமே புதிதாகின்றனவாம். ஆகவே மாரடைப்பினால் இறந்த தசைக்கு ஈடாகத் தசை பிறப்பதில்லை, தொடுப்பிழையமே ஒட்டுப்போடுகிறது. ஒட்டு கிழியாது காக்கும்; துடிக்கமாட்டாது.

நரம்பிழையத்தை இறுதியில் வைத்தோம். இதைப் பற்றிய அறியாமை நம் நாட்டில் மக்களுக்கு இழைத்த கொடுமை பெரிதாகலின், சிறிது தங்கிச் செல்லுதல் வேண்டும். தொழுநோயுற்றோர் ஊருக்குப் புறம்பே தள்ளப்பட்டனர். தாயும் மனைவியும் தொட அஞ்சினர். விரல்கள் தேய்ந்து மறைவதைக் கண்டவர், அவர்தம் மாமிசமே அழுகி உதிர்கிறது என்று முடிவு கட்டினர். வைத்தியருட் பலரும் அவ்வாறே நம்பி, அத்தகைய கையில் அறுவை செய்தால் ஆறாதென்று கைவிட்டிருந்தனர். நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை நார்வே நாட்டு ஹான்சன் 1873-இல் கண்ட பின்னரும் அந்நம்பிக்கை மாறவில்லை.

கொல்லிமலையில் பணிபுரிந்த மிஷனரிப் பெற்றோருக்கு 1914-இற் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கலாசாலைக்கு வந்து சேர்ந்த பால் பிராண்டு என்னும் அறுவை வைத்தியர், மறு ஆண்டு செங்கற்பட்டிலுள்ள தொழுநோய் இல்லத்தைக் காணச் சென்றார். மடங்கிச் சுருண்ட விரல்களை உடைய ஒரு கையைப் பற்றியபோது, அக்கையின் பிடி வலிமையாயிருக்கக் கண்டு திடுக்கிட்டார். அழுகிய மாமிசத்திற்கு அவ்வலிமை ஏது? அன்று தொடங்கிய ஆராய்ச்சியில், நோயாளரது விரலின் ஊனை நுண்ணோக்கியில் நோக்கினால் அது பிறருடைய ஊனைப் போன்றதே என்றும், புண்ணைக் கட்டுப்போட்டுக் காத்தால் பிறருக்கு ஆறுவதுபோலவே ஆறுகிறதென்றும் தெளிந்தார். ஊன் குற்றமற்றது, குற்றம் நரம்பினிடத்து. அந்நுண்ணுயிர் உடம்பிற் குளிர்ந்த இடங்களை நாடுவது. ஆதலின் முழங்கையின் பின்புறம், மணிக்கட்டு, கணுக்கால் போல நரம்பு தோலுக்கு அருகே வருமிடங்களில் நரம்பிழையின் உறையணுக்களிற் குடிபுகுகிறது. அதனை எதிர்க்க உடம்பு போரிடும்போது நரம்பு வீங்குகிறது; நரம்பைச் சூழ்ந்த தொடுப்பிழையமோ இறுகிய உறை, விரிந்து கொடாது; உள்ளே நரம்பு நசுங்கி மாள்கிறது.

பிறகு நிகழ்வனவெல்லாம் நெசவின் அவிழ்தலே. நரம்பை இழந்த தசை மெலிந்து விரல் மடங்குகிறது. நரம்பை இழந்த வியர்வைச் சுரப்பி வற்ற, மேலணியாகிய தோல் உலர்ந்து வெடிக்கிறது. நோவை உணராமையால் கொதிக்கும் பானையைப் பற்றியவர் கையை எடுப்பதில்லை. உள்ளங்காலில் ஆணி தைத்தும் நடக்கிறார். அப்புண்கள் வழியே கிருமி புகுந்து என்பைக் கரைக்கிறது. ஓர் இழை அறுந்தது. மற்ற மூன்றும் அதனோடு அவிழ்ந்தன. நான்கும் தனித்தனிப் பெட்டிகள் என்று கற்றவர்க்கு இக்கதை விளங்குமா என்று நம் ஆசிரிய நண்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக. பிராண்டு செய்த பரிகாரமும் இழையறிவின் வழிப்பட்டதே: முன்கையில் நரம்பு கெடாதிருந்த ஒரு தசையின் நாணை எடுத்து, செயலற்ற விரல்களுக்குக் கொண்டுபோய் இணைத்தார். பிறர் பாத்திரம் ஏந்திய கைகள் மீண்டும் கருவி பிடித்தன.

இன்றோ அந்நோய் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையால், ஆறு மாதத்தில் அல்லது ஓராண்டில் முற்றும் தீர்வது. இருந்தும், கணவன் அல்லது மனைவிக்குத் தொழுநோய் என்பதைக் காட்டி மணமுறிவு பெறலாம் என்னும் விதி, கிறிஸ்தவர்க்குரிய 1869-ஆம் ஆண்டுச் சட்டம் உட்படப் பல சட்டங்களில் 2019 வரை நின்றிருந்தது. செங்கற்பட்டில் ஒரு கை மற்றொரு கையைப் பற்றி எழுபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. ஊனைப் பற்றிய பழைய பொய் சட்டப் புத்தகத்தில் அத்தனை காலம் உயிரோடிருந்தமைக்கு, உடம்பைப் பற்றிய அறிவு வைத்தியர் சிலர்க்கும் தேர்வெழுதுவோர்க்கும் மட்டுமே உரியதாய்ப் போனது ஒரு காரணமென்று யாம் துணிகிறோம். பாட்டியும் பேத்தியும் பேசிக்கொள்ளக்கூடிய சொல்லில் அவ்வறிவு இருந்திருப்பின், 'சதை அழுகல்' என்னும் சொல் அவ்வளவு எளிதாய் வாயில் வந்திராது. இழை அறுந்தது என்றால் எந்த நெசவாளர் வீட்டிலும் விளங்கும்.

ஆதலின் எம் வேண்டுகோள் இரண்டே. தேர்வுத் தாளில் அரசினர் வகுத்த சொல் இருக்க வேண்டுமாதலின் மாணவர் அங்கே 'திசு' என்றே எழுதுக. ஆனால் வகுப்பிலும் மன்றத்திலும் இம்மலரிலும் 'இழையம்' என்பது வழங்குக. இஃது ஒன்று. மற்றொன்று, இழையங்களைப் போதிக்கத் தொடங்கும் நாளன்று கரும்பலகையில் நான்கு தலைப்புகளை எழுதுவதை விடுத்து, மூச்சுக்குழலின் அந்தக் கண்ணாடித் துண்டத்தை முதலிற் காட்டுக. "இது நான்கனுள் எது?" என்று ஆசிரியரே கேட்டுவிட்டு, ஒரு மணி நேரம் பேசாதிருப்பது நலம். ஆய்வுக்கூடத்து மரப்பெட்டிகளில் ஒட்டியுள்ள பழைய சீட்டுகள் மங்கிவிட்டன. வரும் பருவத்தில் அவற்றைப் புதிதாய் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு பெயரையும் அடுத்தடுத்து எழுதுவதாயிருக்கிறோம். மாறுபடும் நண்பர்கள், சிறப்பாக வேதியியற் பகுதியினர், அடுத்த ஆண்டு மலரில் மறுப்பெழுதலாம்; பத்திராதிபர் இடம் தருவதாக ஒப்பியுள்ளார்.